அடுப்புக்கு ஒரு சொல், அகலுக்கு ஒரு சொல்

விடிந்ததிலிருந்து எத்தனை காரியங்களைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? வாசல் தெளித்துக் கோலத்துக்குப் புள்ளி வைத்தீர்கள். அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். உலை வைத்தீர்கள். சுவாமி விளக்கை ஏற்றினீர்கள். பிள்ளையை உலுக்கி எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினீர்கள். ஆபீஸுக்குப் போகிறவரையும் கிளப்பினீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் சிரமம் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது! மணி ஒன்பது அடிப்பதற்குள் இத்தனை காரியங்கள் உங்கள் கையால் நடக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் இவற்றில் ஒன்றுக்காவது "தொடங்கினேன்" என்ற சொல்லை நீங்கள் உபயோகித்தீர்களா? இல்லவே இல்லை. "உலையைத் தொடங்கிவிட்டேன், அம்மா" என்று ஒரு மருமகள் சொன்னால், மாமியார் அவளுடைய நெற்றியில் கை வைத்து ஜுரமா என்று பார்ப்பாள்.

பொதுவான சொற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 'தொடங்கு' மிகப் பழைய சரக்கு. வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே அதை எடுத்தாண்டிருக்கிறார். பகைவரை வளைத்துக் கொள்ள ஏற்ற இடம் பார்க்காமல் எந்தக் காரியத்திலும் இறங்காதே என்று அரசனுக்குப் புத்தி சொல்லுகிற இடம் அது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'தொடகு' என்று அதன் உறவினர்கள் இருக்கிறார்கள். 'ஆரம்பி' வடமொழி வீட்டிலிருந்து வந்த மருமகள். வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டபடியால், சாவிக் கொத்து இன்று அவள் இடுப்பில்தான் இருக்கிறது. பேச்சுத் தமிழில் தொடங்குகிறவர்களைவிட ஆரம்பிக்கிறவர்களே அதிகம். 'துவங்கு' பத்திரிகைகளின் செல்லப் பிள்ளை. தொடங்குதான் சரி, துவங்கு கூடாது என்று தமிழாசிரியர்கள் பிரம்பை எடுப்பதுண்டு. அகராதி இரண்டுக்குமே இடம் கொடுத்திருக்கிறது. எனக்கு என்னவோ, தொடங்கு என்று எழுதினால் ஆசிரியரிடமும் அடி வாங்க வேண்டாம், இலங்கை வாசகர்களையும் திகைக்க வைக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அங்கே துவக்கு என்றால் துப்பாக்கி அல்லவா?

இந்த மூவரும் போதாதென்று இப்போது ஒரு நான்காமவர் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். "அம்மா, சமையலை ஸ்டார்ட் பண்ணிட்டியா?" "பூஜையை எப்போ ஸ்டார்ட் பண்ணப் போறீங்க?" கார் விஷயத்தில் ஸ்டார்ட் பண்ணுவதைப் பற்றி எனக்கு ஆட்சேபமில்லை. கார் வந்தபோதே சொல்லும் அதில் ஏறிக்கொண்டு வந்தது. அப்படியும் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. மாட்டு வண்டியாக இருந்தவரையில் 'வண்டி பூட்டு' என்றார்கள். மாடு போய் எஞ்சின் வந்ததும் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று கண்டு, 'வண்டியைக் கிளப்பு', 'வண்டியை எடு' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் பூஜையை ஸ்டார்ட் பண்ணுவது, பேச்சை ஸ்டார்ட் பண்ணுவது, தயிரை ஸ்டார்ட் பண்ணுவது என்று போனால் என்ன நஷ்டம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

முதலில் நெருப்பை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே நெருப்பு, ஒரே தீக்குச்சி. அடுப்பில் வைத்தால் 'மூட்டு' அல்லது 'பற்ற வை'. குத்துவிளக்கில் வைத்தால் 'ஏற்று'. பட்டாசில் வைத்தால் 'கொளுத்து'. மயானத்தில் வைத்தால் அதற்குப் பெயர் 'கொள்ளி வை'. இவற்றை இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி! கல்யாண மண்டபத்தில் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, "குத்துவிளக்குக்குக் கொள்ளி வையுங்கள்" என்று யாராவது சொன்னால், அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிடும். ஆங்காங்கே வழக்கு மாறும் என்பதும் உண்மைதான். யாழ்ப்பாணத்தில் விளக்குக் கொளுத்துவது சாதாரணமான சொல். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் பக்கத்திலோ விளக்கு விஷயத்தில் நாக்கு மிகவும் பயந்து நடக்கிறது. ஏற்றுவதற்கு மட்டுமா? நிறுத்துவதற்கும் 'அணை' என்று வாய்விட்டுச் சொல்லாமல், 'மலையேற்று', 'குளிர வை', 'அமர்த்து' என்று சுற்றி வளைக்கிறோம். மின்சார விளக்கு வந்ததும் இந்தப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அதை 'போடு' என்கிறோம், 'அணை' என்கிறோம். லைட்டைப் போடு, மின்விசிறியைப் போடு, மோட்டாரைப் போடு. பொத்தானைத் தட்டுகிற வேலைக்கு அவ்வளவு மரியாதை போதும் என்று தமிழ் நினைத்தது போலும்.

விளக்கோடு சம்பந்தப்பட்ட இன்னொரு சொல் 'தூண்டு'. இது ஏற்றுவதல்ல, ஏற்கெனவே எரிந்து, மங்கிப்போன திரியை முன்னே தள்ளி விடுவது. அதிலிருந்து கிளம்பிய சொல்தான், படிப்பில் மங்கி நிற்கும் பிள்ளையைத் தூண்டுவதும், சும்மா இருந்த சம்பந்தியைத் தூண்டி விடுவதும்.

சமையலறையில் இன்னும் நுட்பம். இட்லியை எடுத்துக் கொள்ளுங்கள். நாளைக் காலையில் சாப்பிடப்போகும் பண்டத்துக்கு இன்று மத்தியானமே 'ஊறப் போடுகிறோம்'. தயிருக்கோ இரவு படுக்கப்போகுமுன் 'உறை ஊற்றுகிறோம்'. அதையே சிலர் உறை குத்துவது என்பார்கள்; சில வீடுகளில் பிரை குத்துவது. காய்ச்சி ஆற வைத்த பாலில் ஒரு கரண்டி மோர். அந்த மோரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாலில் இருக்கும் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பால் இறுகுகிறது. பால் அதிகச் சூடாக இருந்தால் கிருமிகள் செத்துப் போகும். ரொம்பவும் ஆறிப்போனால் தூங்கிப் போகும். விரலை வைத்துப் பார்த்து, "இப்போது ஊற்றலாம்" என்று நிர்ணயிக்கிறீர்களே, அந்தச் சாமர்த்தியம் அத்தனையும் 'உறை ஊற்று' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. "தயிரை ஸ்டார்ட் பண்ணு" என்றால் கரண்டியும் இல்லை, மோரும் இல்லை, விரலும் இல்லை. கேட்கிற பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது.

எந்தக் காரியமானாலும், கை முதலில் எதைச் செய்கிறதோ அதையே தமிழ் தொடக்கத்தின் பெயராக வைத்துவிடுகிறது. கல்யாணம் பந்தக்கால் நடுவதில் தொடங்குகிறது. கோயில் திருவிழா கொடியேற்றுவதில். அம்மன் திருவிழா காப்புக் கட்டுவதில். கடை வியாபாரம் முதல் போணியில். கடிதம் பிள்ளையார் சுழி போடுவதில். புதுக் குடித்தனம் என்றால் பால் காய்ச்சுவது. கவிஞருக்குக் கடவுளே முதல் சொல்லைக் கொடுத்தால், அது அடியெடுத்துக் கொடுப்பது. பெரியபுராணம் பாடச் சேக்கிழாருக்குத் தில்லை நடராஜப் பெருமானே அப்படி உதவினார் என்பது ஐதீகம். கடவுளுக்கும்கூட 'தொடங்கினார்' என்ற சொல் போதவில்லை, பாருங்கள்!

கை என்ன செய்தது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. தொடங்கிய பிறகு அந்தக் கை அங்கேயே இருந்ததா, நழுவிவிட்டதா என்றும் தமிழ் கேட்கிறது. கேட்பதற்கு அது வைத்திருக்கும் கருவிகள் இரண்டு சின்னஞ்சிறு சொற்கள்: 'வை', 'விடு'.

தொடங்கி வைத்தார், ஆரம்பித்து வைத்தாள், ஏற்றி வைத்தாள், கல்யாணத்தை நடத்தி வைத்தார். இவையெல்லாம் 'வை'. புரளியைக் கிளப்பி விட்டான், சண்டையை மூட்டி விட்டாள், தூண்டி விட்டார்கள், உசுப்பி விட்டார்கள். இவையெல்லாம் 'விடு'. கவனித்தீர்களா? நல்ல காரியத்துக்குப் பெரும்பாலும் 'வை' வருகிறது. விஷமத்துக்கு 'விடு' வந்து நிற்கிறது. வை என்றால் ஓர் இடத்தில் இருத்துவது. வைத்த பொருள் நம் கண் பார்வையில் இருக்கிறது. விடு என்றால் கையை எடுத்துவிடுவது. பட்டம் விடுகிறோம், பம்பரம் விடுகிறோம், குழந்தையின் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளி விடுகிறோம். அப்புறம் அது பாடு. இது இரும்புச் சட்டமல்ல. இரண்டு வீட்டுக்கு நடுவே கோள் சொல்லிவிட்டுப் போகிறவளைப் பற்றி, "பற்ற வைத்துவிட்டுப் போய்விட்டாள்" என்றும் சொல்லத்தான் செய்கிறோம். ஆனால் அங்கேகூட 'வைத்து' என்பதற்குப் பிறகு 'விட்டு' என்று ஒன்றும், 'விட்டாள்' என்று இன்னொன்றும் சேர்ந்த பிறகுதான் நம் வயிற்றெரிச்சல் தீருகிறது!

இந்த வைக்கும் விடுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், ஒரு விடுமுறை நாளில் இரும்பைக்குப் போய் வாருங்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வந்து, புதுச்சேரி போகும் சாலையில் திரும்பினால், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டுக்கு அருகே இருக்கும் கிராமம் அது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். செம்மண் பூமி. நாம் வேர்க்கடலை என்பதை இந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டைதான் அப்படித் தேய்ந்துவிட்டது. ஊரில் மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற ஸ்தலம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32 என்று எண்ணிக் கொண்டு வந்தால், கடைசியாக வருவது இதுதான். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். ஒருவருக்கு முடிவாக இருப்பது இன்னொருவருக்குத் தொடக்கமாகிறது.

இந்தக் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கடுவெளிச் சித்தர் என்பவர் இங்கே அரச மரத்தடியில் கடுந்தவத்தில் இருந்தார். ஊரில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. சித்தரின் தவ வெப்பமே காரணம் என்று அரசன் எண்ணி, ஆடல் மங்கை ஒருத்தியை அனுப்பி வைத்தான். அவள் வந்து பார்த்தாள். சித்தர் கண்ணை மூடியபடியே பசிக்குக் கையை நீட்டுவார். கையில் விழுகிற பழுத்த இலையைத் தின்றுவிட்டு மறுபடியும் தவத்தில் ஆழ்ந்துவிடுவார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் கையில் ஓர் அப்பளத்தை வைத்தாள்! இலையைப்போல மெல்லியதுதான், ஆனால் உப்பும் உளுந்தும் சேர்ந்ததாயிற்றே! நாளடைவில் சித்தருக்கு உடம்பில் தெம்பு வந்தது, கண்ணைத் திறந்தார். மேனகை செய்ததை நம் ஊர்ப் பெண் ஓர் அப்பளத்தால் செய்து முடித்துவிட்டாள். புராணக் கதைகளில் அப்பளத்துக்குக் கிடைத்த பெருமை வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு கோயில் திருவிழாவில் அவள் ஆடினாள். ஆட்டத்தின் நடுவே காலில் இருந்த சிலம்பு கழன்று விழுந்தது. தாளம் கெட்டுவிடுமே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் கட்டி விட்டார். ஊரார் கைகொட்டிச் சிரித்தார்கள். சித்தருக்குக் கோபம் வந்தது; பாடினார். கருவறையில் இருந்த லிங்கம் மூன்றாக வெடித்ததாம்! அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, மறுபடியும் பாடினார், துண்டுகள் ஒன்றுசேர்ந்தன. செப்புத் தகட்டால் இணைக்கப்பட்ட லிங்கத்தை இன்றும் அங்கே தரிசிக்கலாம். அப்பளத்தை அவள் 'வைத்தாள்', தவம் முடிந்தது. ஊரார் சிரிப்பைக் 'கிளப்பி விட்டார்கள்', லிங்கம் உடைந்தது. சித்தரின் கோபத்தால் அந்த வட்டாரம் வறண்டு போயிற்று என்றும், தூர தேசத்திலிருந்து மனிதர்கள் வந்து அதைப் பச்சையாக்குவார்கள் என்றும் கதையை நீட்டிச் சொல்லுவோர் உண்டு.

கதை எப்படியோ போகட்டும். தூர தேசத்து மனிதர்கள் வந்தது சரித்திரம். 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி, இரும்பைக்குப் பக்கத்துப் பொட்டல் வெளியில், தனியாக நின்ற ஓர் ஆலமரத்தின் அருகே ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 124 நாடுகளின் பெயரால் இளைஞர்களும் யுவதிகளும் ஒவ்வொரு பிடி மண் கொண்டு வந்து, தாமரை மொட்டுப் போன்ற ஒரு பளிங்குத் தாழியில் இட்டார்கள். ஆரோவில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர், புதுச்சேரி அரவிந்தாசிரமத்து அன்னை என்று அழைக்கப்பட்ட மீரா அல்பாஸா. அந்த மாதம்தான் அவருக்கு 90 வயது பூர்த்தியாகியிருந்தது. விழாவுக்கு அவர் வரவில்லை. புதுச்சேரியில் தம் அறையில் இருந்தபடியே ஆரோவிலின் சாசனத்தைப் பிரெஞ்சு மொழியில் வாசித்தார். வானொலி அதை ஆலமரத்தடிக்குக் கொண்டு வந்து சேர்த்தது.

சாதாரணமாக இத்தகைய விழாக்களில் பந்தல் பிரித்ததும் கதை முடிந்துவிடும். இங்கே அப்படி முடியாததற்குக் காரணம், விழாவுக்குப் பிறகு அங்கேயே தங்கியவர்கள். தங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன? மழை வந்தால் செம்மண் கரைந்து ஓடி, பள்ளம் பள்ளமாக அரிக்கப்பட்டுக் கிடந்த மேட்டு நிலம். நிழலுக்கு மரமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும் சேர்ந்து வரப்பு உயர்த்தி மழைத் தண்ணீரைத் தடுத்தார்கள்; கன்று வைத்தார்கள்; மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார்கள். சும்மா நட்டுவிட்டு வந்தால் போதுமா? ஆடு கடிக்கும், வெயில் தின்னும். இன்று போனால், ஒரு காலத்தில் அங்கே நிழல் கிடையாது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காடாக அடர்ந்து கிடக்கிறது.

நாம் மரத்தை 'நடு' என்றும் சொல்கிறோம், 'வை' என்றும் சொல்கிறோம். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்ற மாட்டானா என்பது நம் பழமொழி. நட்டவனைப் பற்றி அப்படி ஒரு பழமொழி நான் கேட்டதில்லை.

அங்கே நடுவில் தங்கத் தகடு போர்த்திய உருண்டை மாளிகை ஒன்று இருக்கிறதே, மாத்ரி மந்திர், அதற்கு 1971 பிப்ரவரி 21-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அது அன்னையின் 93-வது பிறந்த நாள். 1973 நவம்பர் 17-ஆம் தேதி அவர் காலமானார். கட்டடம் முடிந்தது 2008-ஆம் வருஷத்தில்! தொடங்கி வைத்தவர் கட்டடத்தைப் பார்க்கவேயில்லை. ஆரோவிலில் எல்லாம் சுமுகம் என்றும் நான் சொல்லவில்லை. அங்கேயும் மனஸ்தாபங்கள், வழக்குகள் எல்லாம் உண்டு. ஆனால் வைத்த மரம் வைத்த மரம்தான்.

இதோடு நம் ஊர்களில் நாட்டப்பட்ட அடிக்கற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னார் திருக்கரங்களால் நாட்டப்பட்டது என்று பளிங்கில் பொறித்த கல், நாலு புறமும் நெருஞ்சி முளைத்து, கட்டடம் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்திரிகைச் செய்தியில் அவர் 'துவக்கி வைத்தார்'. உண்மையில் அவர் துவக்கி விட்டார். கத்தரிக்கோலைத் தட்டில் போட்டார், காரில் ஏறினார். வை என்ற சொல்லுக்கு அவருக்கு உரிமை கிடையாது என்பது என் கட்சி. தினமும் உலை வைத்து, அது பொங்கி வழியாமல் பக்கத்திலேயே நிற்கிறவர்களுக்குத்தான் உரிமை. ஆனால் அவர்கள் பெயரை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. 'சமையல் ஆகிவிட்டதா?' என்று கேட்கிறார்கள், ஏதோ அது தானாகவே ஆகிற காரியம் போல!

கடைசியாக ஒன்று பாக்கியிருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். மாதக் கடைசியில், மளிகைக் கடன் பற்றியோ, வருகிற மாதம் ஊருக்குப் போவது பற்றியோ நீங்கள் மெதுவாகப் பேச்செடுக்கிறீர்கள். பேச்சுக்கு நம் சொல் 'எடு' என்பதைக் கவனியுங்கள். கீழே கிடந்ததை எடுப்பதுபோல அவ்வளவு பதமாக! உடனே நாற்காலியிலிருந்து குரல் வருகிறது: "ஆரம்பிச்சுட்டியா?" இந்த ஒரு கேள்விக்குள் எத்தனை அர்த்தம்! தொடங்கு, துவங்கு, ஸ்டார்ட் பண்ணு, எதைப் போட்டாலும் அந்தச் சலிப்பும் அந்தப் பெருமூச்சும் வராது. அதில் வருவதும் 'விடு'தான் என்று சுட்டிக் காட்டினால், அந்த விடு வேறு, அது காரியம் உறுதியாக நடந்தேறியதைக் காட்டுவது என்று இலக்கணப் புலவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். உங்களுக்குப் பதில் வேண்டுமல்லவா? அடுத்த தடவை "ஆரம்பிச்சுட்டியா?" என்று அவர் கேட்டால், நீங்கள் நிதானமாகச் சொல்லுங்கள்:

"நான் எங்கே ஆரம்பிச்சேன்? போன மாசமே நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதானே!"